ஈயின் கண்ணில் முதுமையைத் தேடியவர்

பழக்கடையில் தொங்கும் வாழைத்தாரில் நான்கு பழம் கனிந்து கறுத்துவிட்டால் போதும். எள்ளளவு ஈக்கள் எங்கிருந்தோ வந்து மொய்த்துவிடும். கையை வீசினால் பறக்கும்; கையை எடுத்தால் திரும்பவும் வந்து உட்காரும். இது வீட்டு ஈ அல்ல. சிவந்த கண் கொண்ட பழ ஈ.

இந்த ஈயின் கண்ணையும் மூளையையும் நாற்பது ஆண்டு காலம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் சீமோர் பென்சர். அமெரிக்க விஞ்ஞானி. வைத்தியம் படித்தவர் அல்ல, பௌதிகம் படித்தவர். வயதாக ஆகக் கண் ஏன் மங்குகிறது, ஞாபகம் ஏன் தப்புகிறது, கை கால் ஏன் சொன்னபடி கேட்க மறுக்கிறது என்ற கேள்விகளுக்கு இன்று பல நாட்டு ஆராய்ச்சிக்கூடங்களில் விடை தேடுகிறார்கள். அவர்கள் நடக்கிற பாதைகளில் முக்கியமான ஒன்று, பென்சர் போட்ட பாதை.

ஊரில் தாய் தகப்பனை விட்டுவிட்டு மும்பையில் பிழைக்கிற நமக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. வருடத்துக்கு ஒரு முறை லீவில் போய் நிற்கும்போது, பெற்ற தாயே யாரப்பா நீ என்று கேட்ட அனுபவம் நம்மில் சிலருக்கு உண்டு. ஆகவே இந்த ஈக்காரரின் கதையை நாமும் தெரிந்துகொள்ளலாம்.

பிழைக்க வந்தவர்களின் பிள்ளை

பென்சர் 1921ஆம் ஆண்டு அக்டோபர் 15ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். பெற்றோர் போலந்து நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த யூதர்கள். குடியிருந்தது புரூக்ளின் பகுதியில். சிறு வயதிலேயே தவளையைப் பிடித்து அறுத்துப் பார்க்கிற ஆசை அவருக்கு இருந்தது. 13 வயது நிறைந்தபோது பரிசாக ஒரு மைக்ராஸ்கோப் கிடைத்தது. அன்று முதல் அதுவே அவருக்கு உலகமாயிற்று.

1938இல் அரசாங்க ஸ்காலர்ஷிப்பில் புரூக்ளின் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவர்தான். உயிரணுவைப் பற்றி நேரே படிக்க ஆசைப்பட்டார். முதல் வகுப்புப் பாடத்தை முடிக்காமல் அதில் சேர முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கோபத்தில் பௌதிகத்துக்குப் போய்விட்டார். விதி என்று இருந்துவிட்டால் எந்த ஆபீசிலும் அப்படித்தான்!

1942இல் டொரோத்தி என்ற நர்ஸை மணந்துகொண்டு, பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு மேல்படிப்புக்குப் போனார். யுத்த காலம் அது. ராடார் கருவிக்காக ஜெர்மேனியம் என்ற தனிமத்தை ஆராயும் ரகசிய வேலையில் அவரைப் போட்டார்கள். நம் வீடுகளில் பாடிய டிரான்சிஸ்டர் ரேடியோவின் மூலக் கண்டுபிடிப்புக்கு வழிவிட்ட ஆராய்ச்சிகளில் அதுவும் ஒன்று. 1947இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தத் துறையிலேயே இருந்திருந்தால் பணமும் பதவியும் தேடி வந்திருக்கும். ஆனால் உயிர் என்றால் என்ன என்பது பற்றி ஷ்ரோடிங்கர் என்ற பௌதிக மேதை எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று அவர் கையில் கிடைத்தது. பென்சர் மறுபடி உயிரியலுக்குத் திரும்பிவிட்டார்.

பாக்டீரியாவைத் தின்னும் ஒரு வகை வைரஸை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலைதான் அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் குணங்களைச் சுமக்கும் அலகுக்கு ஜீன் என்று பெயர். மரபணு என்றும் சொல்கிறோம். ஒவ்வொரு மரபணுவும் மாலையில் கோத்த மணி மாதிரி, அதற்கு மேல் உடைக்க முடியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அப்படியல்ல, மரபணு என்பது நீண்ட ஒரு வரி, அதில் ஏதாவது ஓர் எழுத்துப் பிசகினாலும் கோளாறுதான் என்பதை 1950களில் பென்சர் படம் போட்டே காட்டினார்.

அந்த நாட்களில் அவர் கட்டுரைக்கு மேல் கட்டுரையாக எழுதித் தள்ளினார். அவருடைய குருநாதர் போலிருந்த மாக்ஸ் டெல்புருக் இதைப் பார்த்துவிட்டு, இத்தனை எழுத வேண்டாம் என்று கணவரிடம் சொல்லும்படி டொரோத்திக்கே கடிதம் எழுதினாராம். பென்சர் அதைக் கேட்டுக்கொண்டார்.

வைரஸிலிருந்து ஈக்கு

பென்சருக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே வளர்ப்பு. ஆனாலும் பிறந்த நாள் முதலே இருவருக்கும் இரண்டு குணம். இது எங்கிருந்து வந்தது? குணமும் நடத்தையும் மரபணுவில் எழுதியிருக்குமா? வைரஸுக்கு ஏது நடத்தை? நரம்பும் மூளையும் உள்ள பிராணி ஒன்று வேண்டும். சீக்கிரம் பெருக வேண்டும், செலவும் அதிகம் ஆகக் கூடாது. பழ ஈ அகப்பட்டது. முட்டையிலிருந்து ஈயாக வெளிவரப் பத்தே நாள். ஒரு பாட்டிலில் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம். 1967 முதல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அவர் ஈக்களோடு குடியேறினார்.

பலர் சிரித்தார்கள். குடும்பத்துப் பெரியவர் ஒருவரே டொரோத்தியிடம், ஈயின் மூளையைப் பார்க்கப் போகிறாராமே, முதலில் இவர் மூளையைப் பரிசோதிக்க வேண்டாமா என்று கேட்டாராம்.

அவர் செய்த முதல் கருவி மிகவும் எளியது. கண்ணாடிக் குழாய்களை வாயோடு வாய் பொருந்தும்படி வரிசையாக அடுக்கினார். ஈக்களைத் தட்டி ஒரு முனையில் விழச் செய்து, மறுமுனையில் விளக்கைக் காட்டினார். நல்ல ஈ வெளிச்சத்தை நோக்கி ஓடும். ஓடியவற்றை அடுத்த குழாய்க்கு மாற்றி மீண்டும் அதே சோதனை. கூட்ஸ் யார்டில் கலந்து வந்த வேகன்களை ஊர் வாரியாகத் தனித்தனி லைனில் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கடைசியில் வெளிச்சத்துக்கு ஓடாத ஈக்கள் மட்டும் முதல் குழாயில் தங்கிவிடும். மரபணுவைக் கெடுக்கும் ரசாயனத்தை ஈக்களுக்குக் கொடுத்து, அவற்றின் சந்ததியை இப்படிச் சலித்தெடுத்தார்.

அவருடைய மாணவர் கொனாப்கா, விடிவதும் இருட்டுவதும் தெரியாமல் தாறுமாறாக இயங்கும் ஈயைக் கண்டுபிடித்தார். 19 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்ட ஈ ஒன்று, 28 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்ட ஈ ஒன்று என்று மேலும் இரண்டு கிடைத்தன. மூன்றும் ஒரே மரபணுவின் பிசகு. அப்படி ஒரு மரபணு இருக்கவே முடியாது என்று வாதாடிய டெல்புருக்கிடம், ஏற்கனவே கண்டுபிடித்தாகிவிட்டது என்று சொல்ல வேண்டியதாயிற்று. 1971இல் இது வெளிவந்தது. இந்த மரபணுவைத் தொடர்ந்து ஆராய்ந்த வேறு மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. பென்சருக்கு அந்தப் பரிசு கடைசிவரை கிடைக்கவே இல்லை.

குற்றம் கண்ணிலா, உடலிலா?

வெளிச்சத்துக்கு ஓடாத ஈ குருடா, சோம்பேறியா? இதை அறிய, யோஷிகி ஹோட்டா என்ற ஜப்பானிய விஞ்ஞானியுடன் சேர்ந்து, ஈயின் கண்ணில் மெல்லிய மின்முனையை வைத்து, விளக்கை மின்னச் செய்து, கண் எழுப்பும் மின்சாரத்தை அளந்தார். மனிதனுக்கு இருதயத்தைச் சோதிக்க ஈ.சி.ஜி. எடுப்பது போன்றதுதான். 1969இல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

ஈயின் கண் நம் கண் போல ஒரே உருண்டை அல்ல. ஏறக்குறைய 800 சிறு கண்கள் தேன்கூடு போல அடுக்கியது. ஒவ்வொரு சிறு கண்ணிலும் ஒளியை உணரும் உயிரணுக்கள் எட்டு. பழுதான ஈக்களின் கண்ணை அறுத்துப் பார்த்தபோது, சிலவற்றில் ஒரு விசேஷம் தெரிந்தது. கூட்டை விட்டு வெளிவந்த புதிதில் கண் நன்றாக இருக்கிறது. நாள் ஆக ஆக, ஒளியை உணரும் உயிரணுக்கள் ஒவ்வொன்றாக நசிகின்றன. பிறவிக் குருடு அல்ல. வயதோடு வருகிற குருடு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வயதானவர்களுக்குப் பார்வை மங்கினாலே புரை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். புரை என்பது கண்ணின் லென்ஸ் மங்குவது. ஆபரேஷன் செய்து லென்ஸை மாற்றினால் பார்வை திரும்பும். கண்ணின் பின்புறத்தில் விழித்திரை என்று ஒரு படலம் இருக்கிறது. ஒளியை உணர்ந்து மூளைக்குச் சொல்வது அதுதான். அது நசித்தால் லென்ஸை மாற்றிப் பயனில்லை. ஈயின் கண்ணில் பென்சர் பார்த்தது இந்த இரண்டாவது வகைக் கோளாறை ஒத்தது.

அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது. கண் நசிவதற்குக் குற்றம் கண்ணிலேயே இருக்கிறதா, உடம்பின் வேறு பாகத்திலா? மனிதனுக்குக் குடல் சரியில்லாமல் வைட்டமின் ஏ உடம்பில் சேராவிட்டாலும் விழித்திரை கெடும். அங்கே கண்ணுக்கு மருந்து போட்டு என்ன பயன்? இதைப் பிரித்தறியப் பென்சர் பயன்படுத்தியது ஒட்டு ஈ. உடம்பின் ஒரு பகுதி நல்ல மரபணுவோடும் மறு பகுதி பழுதான மரபணுவோடும் இருக்கும்படி ஈக்களைப் பிறக்கச் செய்ய வழி உண்டு. அதிலும் அடையாளத்துக்கு நிறம் மாறியிருக்கும். ஒரு கண் நல்லது, ஒரு கண் பழுது என்று ஈக்கள் கிடைத்தன. பார்த்தபோது, உடம்பின் மற்ற பாகமெல்லாம் நன்றாக இருந்தும் பழுதான கண் பழுதாகவே போயிற்று. நல்ல பாதியிலிருந்து அதற்கு எந்த ஒத்தாசையும் வரவில்லை. அவர் சோதித்த ஈக்களில் குற்றம் கண்ணிலேயே இருந்தது.

இதே முறையில் மூளைக்கும் போனார். ஒரு வகை ஈ. பிறந்து இரண்டொரு நாள் நன்றாக நடக்கும், பறக்கும். திடீரென்று தள்ளாடும், மல்லாந்து விழும், செத்துப்போகும். விழுவதற்கு முன் மூளையை அறுத்துப் பார்த்தால் சரியாகவே இருக்கிறது. தள்ளாட்டம் வந்த பின் பார்த்தால் மூளை முழுக்க ஓட்டை. ஒரே ஒரு மரபணுவின் பிசகு இத்தனையும் செய்தது. வேறு ஒரு பழுதுபட்ட ஈக்கு, வாசனையையும் மின் அதிர்ச்சியையும் சேர்த்துப் பாடம் சொல்லிக் கொடுத்தாலும் மனத்தில் நிற்கவில்லை. ஞாபகமும் மரபணுவின் தயவில்தான் நிற்கிறது என்பது 1976இல் இப்படித்தான் வெளியாயிற்று.

நம் மும்பைத் தொடர்பு

பென்சரின் கூடத்தில் அந்நாளில் வேலை செய்தவர்களில் நம் நாட்டவர் ஒபைத் சித்திக்கி ஒருவர். கொலாபாவில் உள்ள டாடா ஆராய்ச்சி நிலையத்தில் 1962 முதல் உயிரியல் பிரிவை வளர்த்தவர். சூடு ஏறினால் அப்படியே மரத்துப் போகிற ஈக்களின் நரம்பை இருவரும் சேர்ந்து ஆராய்ந்து 1976இல் கட்டுரை வெளியிட்டார்கள். சித்திக்கி திரும்பி வந்தபின் கொலாபாவிலும் ஈ ஆராய்ச்சி வேரூன்றியது. பின்னால் பெங்களூரில் தேசிய உயிரியல் மையத்தை உருவாக்கியவரும் அவரே. 2013இல் காலமானார். கடற்கரை ஓரமாகப் பஸ்ஸில் போகும்போது அந்தக் கட்டடத்தைப் பார்த்த நம்மவர் எத்தனையோ பேர். உள்ளே ஈ வளர்க்கிறார்கள் என்று யார் கண்டார்கள்!

மனைவியின் மறைவும் மறுமணமும்

1978இல் டொரோத்தி இறந்துபோனார். முப்பத்தாறு வருட இல்வாழ்க்கை முடிந்தது. பிறகு 1980இல் பென்சர் கரோல் மில்லர் என்ற டாக்டரை மணந்தார். கரோல் மனித மூளை நோய்களை ஆராய்பவர். இறந்த நோயாளிகளின் மூளைகளைப் பரிசோதிப்பது அவர் தொழில். ஒரே வீட்டில் கணவனுக்கு ஈ மூளை, மனைவிக்கு மனித மூளை.

இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஈயின் திசுவில் உள்ள பொருள்களைத் தேடி ஒட்டிக்கொள்ளும் 146 வகை எதிர்ப்புப் புரதங்களை எடுத்து, மனித மூளை, தண்டுவடம் ஆகியவற்றின் சீவல்கள் மேல் விட்டார்கள். ஈக்காகச் செய்த பூட்டுச் சாவி மனிதனுக்குப் பொருந்துமா? ஏறக்குறையப் பாதி பொருந்திற்று! 1983இல் இது வெளியானபோது, ஈயைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். பின்னாளில் மரபணுக்களை முழுவதும் படித்துப் பார்த்தபோது, மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு ஈயிடம் ஜோடி இருப்பது தெரிந்தது.

எழுபதைத் தாண்டியபின்

நம்மிடையே 58இல் ரிடையர் ஆனவர்களே ஈசிசேரில் சாய்ந்துவிடுவதைப் பார்க்கிறோம். பென்சர் எழுபதைத் தாண்டியபின் முதுமையைப் பற்றியே ஆராயத் தொடங்கினார். வேலை செய்வது ராத்திரியில்தான். விசித்திரமான உணவுகளைத் தேடித் தேடிச் சாப்பிடுவது அவர் பொழுதுபோக்கு. அதனால்தானோ என்னவோ, மூளை அழியும் ஈக்களுக்கெல்லாம் தின்பண்டங்களின் பெயர்! மூளை ஓட்டை ஓட்டையாகப் போன ஈக்கு, ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டியான சுவிஸ் சீஸ் பெயர். மற்றவை ஸ்பான்ஜ் கேக், எக் ரோல், பபிள்கம். வேடிக்கைப் பெயர்கள்தான். ஆனால் ஸ்பான்ஜ் கேக் ஈயின் மூளையும் எக் ரோல் ஈயின் மூளையும் அழியும் விதம், மனிதர்களைக் கொல்லும் இரண்டு கொடிய மூளை நோய்களில் காணும் விதத்தை ஒத்திருந்தது.

பபிள்கம் ஈயில் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் கொப்பளம் போல வீங்கின. உடம்பில் ஒரு வகைக் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது. சிறுவர்களைத் தாக்கும் ஒரு பரம்பரை நோயிலும் இதே கொழுப்புச் சேருகிறது. அந்த நோய்க்குக் கொடுத்துவந்த எண்ணெயில் ஒரு பகுதியை எடுத்து ஈயின் தீனியில் கலந்தபோது, ஈக்கு அழிவு வராமல் தடுக்க முடிந்தது என்று 1999இல் பென்சரும் மின் என்ற ஆய்வாளரும் எழுதினார்கள். இதைப் படித்துவிட்டு எண்ணெய் பாட்டில் தேட வேண்டாம். நோய் முற்றிய குழந்தைகளை அந்த எண்ணெய் குணப்படுத்தவில்லை. ஈ வேறு, மனிதன் வேறு என்பதை இந்த இடத்தில் மறக்கக் கூடாது.

1998இல் இன்னொரு ஈ அகப்பட்டது. சாதாரண ஈயின் ஆயுள் இரண்டு மாதம் போல. இது சராசரியில் 35 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தது. பட்டினியையும் சூட்டையும் தாங்கிற்று. 969 வருடம் வாழ்ந்ததாக பைபிளில் வரும் மெதூசலாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். மரபணுவில் ஓர் இடத்தைத் தொட்டால் முதுமையே தள்ளிப் போகிறது!

கண்ணே பரிசோதனைப் பலகை

என் அபிப்பிராயத்தில் பென்சர் கூடத்தின் மிகப் பெரிய உபகாரம் கடைசியாக வந்ததுதான். ஈக்குக் கண் இல்லாமலும் உயிர் வாழ முடியும். கண் பழுதானால் பூதக்கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடலாம். அப்படியானால் மனிதனின் மூளை நோயை ஈயின் கண்ணில் கொண்டுபோய் வைத்தால் என்ன? அவரிடம் பயிற்சி பெற்ற நான்சி போனினி 1998இல் தம் சகாக்களோடு இதைச் செய்தார். நடையைத் தள்ளாடச் செய்யும் ஒரு பரம்பரை நோயின் மனித மரபணுவை ஈயின் கண்ணில் வேலை செய்ய விட்டார். கண் மெல்ல மெல்ல அழிந்தது.

இந்த வகை நோய்களில் ஒன்று ஹன்டிங்டன் நோய். நடு வயதில் கை கால் தன்னிச்சையாக ஆடத் தொடங்கி, புத்தியும் குழம்பி, மனிதனை அழிப்பது. தகப்பனுக்கோ தாய்க்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதன் மரபணு 1993இல் தெரியவந்தது. குறிப்பிட்ட ஒரு சொல் மரபணுவில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. 35 தடவைக்குள் இருந்தால் தொல்லை இல்லை. 40க்கு மேல் போனால் நோய். அதன்படி உண்டாகும் புரதம் சரியாக மடியாமல் கசங்கிக் கட்டி தட்டுகிறது.

பென்சரும் காஸெமி என்ற ஆய்வாளரும் இப்படித் திரும்பத் திரும்ப 127 தடவை வரும் துண்டை ஈயின் கண்ணில் வைத்தார்கள். கண் அழிந்தது. 20 தடவை மட்டும் வைத்த ஈயின் கண் நன்றாக இருந்தது. பிறகு ஆயிரக்கணக்கான ஈ வம்சங்களைச் சலித்து, அழிவு நின்ற கண் ஏதாவது உண்டா என்று தேடினார்கள். கிடைத்தது! இரண்டு மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்த ஈக்களில் கண் பெருமளவு தப்பியிருந்தது. அவை புரதங்களை ஒழுங்காக மடித்து வைக்கும் வேலையோடு தொடர்புள்ளவை. கசங்கிய வேட்டியைச் சலவைக்காரர் உதறி மடிப்பது போல. எல்லா உயிரிலும் இந்த மடிப்பு வேலை நடக்கிறது, நம் மூளையிலும்தான். 2000ஆம் ஆண்டு இது வெளிவந்தபின், மடிப்பு வேலையை ஊக்குவித்து மூளை நோயைத் தணிக்க முடியுமா என்ற தேடல் வேகம் பிடித்தது. ஹன்டிங்டன் நோயை மனிதனில் குணப்படுத்தும் மருந்து இன்னும் வந்துவிடவில்லை.

வுல்ப் பரிசு 1991இலும், கிராபோர்டு பரிசு 1993இலும் பென்சருக்குக் கிடைத்தன. 85ஆம் வயதிலும் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தார். தீனியைக் குறைத்தால் ஈயின் ஆயுள் ஏன் கூடுகிறது என்பது அவருடைய கடைசி ஆராய்ச்சிகளில் ஒன்று. 2007ஆம் ஆண்டு நவம்பர் 30ந் தேதி பாசடீனாவில், மூளையில் ஏற்பட்ட ரத்தக் குழாய்க் கோளாறினால் காலமானார். வயது 86.

மறு ஆண்டு, 2008இல், கால்கள் விறைத்து நடை கெட்டுப்போகும் ஒரு பரம்பரை நோய் கண்ட குடும்பங்களை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். பழுதான மரபணு எது என்று கண்டுபிடித்தார்கள். அது சுவிஸ் சீஸ் ஈயில் பழுதான மரபணுவின் மனித ஜோடி.